ஜின் யோங்கின் காண்டோர் தொடரை ஆங்கிலத்தில் படிக்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தத் தொடர் இது? மொத்தம் எத்தனை புத்தகம்?

ஜின் யோங் எழுதிய 'லெஜண்ட்ஸ் ஆஃப் த காண்டோர் ஹீரோஸ்'. குங்ஃபூ வீரர்கள், குருமார்கள், பழிவாங்கல், ரகசிய ஏடுகள் என்று போகும் சீனக் கதைகளுக்கு வூஷியா என்று பெயர். எங்கே தொடங்குவது என்று கேட்டால் பெரும்பாலான வாசகர்கள் இந்தத் தொடரைத்தான் கைகாட்டுவார்கள். சீன மொழியில் 1957-இலிருந்து 1959 வரை 'ஹாங்காங் கமர்ஷியல் டெய்லி' நாளிதழில் தொடர்கதையாக வந்தது. ஆங்கிலத்தில் முழுசாக வர அறுபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மெக்லிஹோஸ் பிரஸ் 2018-இல் 'எ ஹீரோ பார்ன்', 2019-இல் 'எ பாண்ட் அன்டன்', 2020-இல் 'எ ஸ்னேக் லைஸ் வெயிட்டிங்', 2021-இல் 'எ ஹார்ட் டிவைடட்' என்று நான்காகப் பிரித்து வெளியிட்டது. முதல் புத்தகத்தை மொழிபெயர்த்தவர் அன்னா ஹோம்வுட், இரண்டாவதை ஜிஜி சாங், மூன்றாவதை இருவரும் சேர்ந்து, நான்காவதை ஜிஜி சாங்கும் ஷெல்லி பிரையன்ட்டும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான்கும் சேர்ந்து ஒரே கதை. முதல் புத்தகத்தை மட்டும் வாங்கிப் பார்ப்போம், பிடித்தால் அடுத்தது என்று நினைத்தால், அது பாதிச் சண்டையில் உங்களைத் தவிக்க விட்டுவிட்டு முடிந்துவிடும். இரண்டாவதையும் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

ஜின் யோங் யார்?

இயற்பெயர் ஜா லியாங்யோங், ஆங்கிலத்தில் லூயி சா. 1924-இல் ஜெஜியாங் மாகாணத்து ஹைனிங்கில் பிறந்தார், ஹாங்காங்கில் பத்திரிகையாளராக வாழ்ந்து 2018 அக்டோபரில் அங்கேயே இறந்தார். முதல் ஆங்கிலப் புத்தகம் வந்த அதே வருஷம்தான். 1955-இலிருந்து 1972 வரை எழுதியவை மொத்தம் பதினைந்து, அதில் ஒன்று சிறியது. அதன் பிறகு புதுக் கதை எதுவும் எழுதவில்லை, எழுதியதைத் திருத்திக்கொண்டே இருந்தார், அதைப் பற்றிக் கீழே தனியாக வருகிறது.

இவர் நாவலாசிரியர் மட்டும் இல்லை, பத்திரிகை முதலாளியும்கூட. 1959 மே மாதம் 'மிங் பாவ்' என்ற நாளிதழைத் தொடங்கினார், அதன் முதல் இதழிலிருந்தே இந்தக் கதையின் அடுத்த பாகத்தை ஓடவிட்டார். தலையங்கம் எழுதிய அதே கை அன்றைய சண்டைக் காட்சியையும் எழுதியது. பத்திரிகை விற்க வேண்டுமே! நாளைக்கும் காசு கொடுத்து வாங்க வைக்கிற மாதிரி இன்றைய துண்டை முடிக்க வேண்டும். இந்தத் தொடர் ஏன் இப்படி நடக்கிறது, ஏன் ஒரு கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே எதிர்பாராத ஒருவர் நிற்கிறார் என்ற கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது.

கதை என்ன? கெடுக்காமல் சொல்ல முடியுமா?

முடிந்தவரை சொல்கிறேன். ஆண்டு 1200-ஐ ஒட்டிய காலம். வட சீனாவை ஜுர்சென் இனத்தாரின் ஜின் அரசு பிடித்துவைத்திருக்கிறது. தெற்கே சுருங்கிப்போன சோங் அரசு இன்றைய ஹாங்ஜோவில் தலைநகரை வைத்துக்கொண்டு வடக்கைப் பற்றிப் பேசாமல் நாளைக் கடத்துகிறது. அந்த ஹாங்ஜோவுக்குப் பக்கத்து கிராமத்தில் இரண்டு நண்பர்கள், இருவர் மனைவியும் கர்ப்பம். சியூ சூஜி என்ற தாவோ துறவி வந்து, பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு ஜிங், காங் என்று பெயர் வைக்கிறார். 'ஜிங்காங்' என்பது, பழைய சோங் தலைநகர் விழுந்து, இரண்டு பேரரசர்கள் கைதியாக வடக்கே இழுத்துச் செல்லப்பட்ட அந்த அவமானத்தின் ஆண்டுப் பெயர். மறக்கக் கூடாது என்பதற்காகவே பிள்ளைகளின் பெயரில் அதை ஏற்றிவிடுகிறார். அப்புறம் ஒரு இரவுத் தாக்குதலில் குடும்பங்கள் சிதறுகின்றன. குவோ ஜிங் மங்கோலியப் புல்வெளியில், பின்னாளில் செங்கிஸ் கான் ஆகப்போகும் தெமுஜினின் கூடாரங்களுக்கு நடுவே வளர்கிறான். யாங் காங் எதிரியின் அரண்மனையில் இளவரசனாக வளர்கிறான், தான் யார் என்றே தெரியாமல்.

இதற்கிடையில் சியூ சூஜிக்கும் ஜியாங்னானின் ஏழு விசித்திரர்கள் என்ற கோஷ்டிக்கும் ஒரு சண்டை முற்றி, அது ஒரு பந்தயத்தில் போய் நிற்கிறது. ஆளுக்கொரு பிள்ளையைத் தேடிக் கண்டுபிடித்துப் பயிற்சி கொடுப்பது, பதினெட்டு வருஷம் கழித்து இருவரையும் மோதவிட்டு யார் சிறந்த குரு என்று பார்ப்பது. பிள்ளைகளைக் கேட்டார்களா? கேட்கவில்லை. பெரியவர்களின் வீம்புக்குச் சிறியவர்கள் வாழ்க்கையைக் கொடுக்கிற கதையாகவும் இதைப் படிக்கலாம், எனக்கு அப்படித்தான் பிடிக்கும்.

சீன வரலாறு எதுவும் தெரியாது. பரவாயில்லையா?

மேலே சொன்னதே போதும். 1127-இல் வடக்கு போனது, சோங் அரசு தெற்கே வந்தது, ஜின்னுக்குப் பின்னால் மங்கோலியர்கள் எழுந்துகொண்டிருக்கிறார்கள். இன்னும் ஒரே ஒரு பெயர் தெரிந்தால் நல்லது: யூ ஃபெய். வடக்கை மீட்கப் போராடிய சோங் தளபதி, 1142-இல் சொந்த அரசே அவரைச் சிறையில் கொன்றது. அவர் எழுதிவைத்த போர்நூல் எங்கோ ஒளிந்திருக்கிறது என்று கதையில் எல்லோரும் அலைவார்கள்.

நிஜ மனிதர்களும் கற்பனை மனிதர்களும் கலந்து வருவதால் யார் எது என்று குழம்பும். குவோ ஜிங்கும் கதாநாயகி ஹுவாங் ரோங்கும் கற்பனை. சியூ சூஜி நிஜம்! சுவான்ஜென் என்ற தாவோ பிரிவின் தலைவர், வயதான காலத்தில் செங்கிஸ் கானின் அழைப்பை ஏற்று மத்திய ஆசியா வரை பயணம் போய் 1222-இல் இந்து குஷ் மலைப்பக்கம் அவரைச் சந்தித்தார், சாகாமல் இருக்க மருந்து உண்டா என்று கான் கேட்டபோது அப்படி ஒன்று இல்லை என்று நேராகச் சொன்னார் என்பதை உடன் போன சீடர் எழுதிவைத்திருக்கிறார். பெய்ஜிங்கில் இருக்கும் வெண்மேகக் கோயில் அவர் நினைவிடமும்கூட. அவருடைய குரு வாங் சோங்யாங்கும் நிஜம், ஆனால் கதையில் வரும் குங்ஃபூ சாகசமெல்லாம் ஜின் யோங் சேர்த்தது.

வரலாற்றுப் பாடமாக மட்டும் நம்பிவிடாதீர்கள். அடுத்த தொடரில் ஒரு பேரரசர் இறக்கும் ஊரையே தன் வசதிக்கு மாற்றிவிடுகிறார் மனிதர்.

பெயர்கள் மனதில் நிற்கவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

இது எல்லோருக்கும் வரும் தொல்லை, முதல் ஐம்பது பக்கத்தில் பலர் புத்தகத்தை மூடுவதும் இதனால்தான். சீனத்தில் குடும்பப் பெயர் முன்னால் வரும்: குவோ என்பது குடும்பம், ஜிங் என்பது பையன். ஆனால் இந்த ஆங்கிலப் பதிப்பில் சில பெயர்களை மொழிபெயர்த்திருக்கிறார்கள், அப்போது குடும்பப் பெயர் பின்னால் போய்விடுகிறது. ஹுவாங் ரோங் 'லோட்டஸ் ஹுவாங்' ஆகிறாள், அவள் அப்பா ஹுவாங் யாவ்ஷி 'அபாதிகரி ஹுவாங்', ஹோங் சீகோங் 'கவுண்ட் செவன் ஹோங்', ஓயாங் ஃபெங் 'வைப்பர் ஓயாங்', மெய் சாவ்ஃபெங் 'சைக்ளோன் மெய்'. குவோ ஜிங் மட்டும் குவோ ஜிங்காகவே இருக்கிறான். ஏற்கெனவே டிவி தொடர் பார்த்தவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும், புதிதாக வருகிறவர்களுக்கு உதவியாகத்தான் இருக்கும், ஏனென்றால் 'சைக்ளோன்' என்று ஒருத்தி உள்ளே வந்தால் அவளை மறக்க முடியாது. இணையத்தில் எதையாவது தேடும்போது மட்டும் இரண்டு பெயரையும் போட்டுத் தேடுங்கள்.

ஏழு விசித்திரர்களையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. கண் தெரியாத மூத்தவர் கெ ஜென்அ, கடைசித் தங்கை ஹான் சியாவ்யிங், இந்த இருவரைப் பிடித்துக்கொண்டால் மற்றவர்கள் தானாக வந்து ஒட்டிக்கொள்வார்கள்.

இன்னொரு விஷயம், இது நமக்குச் சாதகம். ஒரே குருவிடம் படித்தவர்கள் ஒருவரையொருவர் மூத்த அண்ணன், இளைய தம்பி, தங்கை என்று முறை வைத்துத்தான் அழைப்பார்கள், வயதைவிடச் சேர்ந்த வரிசை முக்கியம், குருவோடு சேர்ந்து படித்த மூத்தவரைப் பெரியப்பா ஸ்தானத்தில் வைப்பார்கள். ஆங்கிலத்தில் இது கொஞ்சம் விறைப்பாக ஒலிக்கும். மனதுக்குள் அண்ணே, தங்கச்சி, சித்தப்பா என்று மாற்றிப் படித்துப் பாருங்கள், யார் யாரை மரியாதைக் குறைவாகப் பேசிவிட்டார் என்பது உடனே உறைக்கும். பாதிச் சண்டை அதில்தான் தொடங்குகிறது.

கதாநாயகன் இவ்வளவு மக்காக இருக்கிறானே?

ஆமாம், மக்குதான். நாலு வயது வரை பேசவே மாட்டான், பத்து முறை சொன்னாலும் ஒரு அடி வராது, ஏழு குருமார்களும் தலையில் அடித்துக்கொள்வார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள், ஜின் யோங் இதை வேண்டுமென்றே செய்கிறார்.

இதற்கான பலன் பீச் பிளாசம் தீவில் கிடைக்கும். ஜோ போதோங் என்று ஒரு கிழவர், பதினைந்து வருஷமாக அங்கே குகையில் அடைபட்டு, பொழுது போகாமல் தன் இடது கையோடு வலது கையைச் சண்டைபோட வைத்து விளையாடுகிறார். அதைக் கற்க முதல் பாடம், ஒரு கையால் சதுரமும் மறு கையால் வட்டமும் ஒரே நேரத்தில் வரைவது. மகா புத்திசாலியான ஹுவாங் ரோங்கால் முடியவில்லை, ஏனென்றால் அவள் மனம் ஒரு நொடி சும்மா இருக்காது. குவோ ஜிங் உட்கார்ந்து வரைந்துவிடுகிறான். மக்குப் பையனுக்கு எழுத்தாளர் இரக்கப்பட்டுக் கொடுத்த பரிசு இல்லை இது, அவன் குணத்திலிருந்தே வருகிற திறமை. மொத்தத் தொடரிலும் எனக்கு மிகப் பிடித்த அத்தியாயங்கள் இந்தக் குகைக்குள் நடப்பவைதான். அங்கே அடிதடியே குறைவு, இரண்டு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இது ஃபேண்டஸியா? டிராகன், மந்திரம் எல்லாம் வருமா?

டிராகன் வராது, 'டிராகனை அடக்கும் பதினெட்டு உள்ளங்கை அடிகள்' வரும். வூஷியாவில் மனிதர்கள் மனிதர்களே. ஆனால் மூச்சுப் பயிற்சியால் உள்ளே சேர்த்த சக்தியால் ஒரு மரத்தை முறிப்பார்கள், கூரைக்குக் கூரை தாவுவார்கள், உடம்பில் ஒரு புள்ளியைத் தொட்டு ஆளை அசையாமல் நிறுத்துவார்கள். கடைசியாகச் சொன்னது நமக்குப் புதிதே இல்லை, வர்மம் பற்றி ஊரில் கேட்ட கதைகளை நினைத்துக்கொண்டால் போதும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று சியான்ஷியா. அதில் நாயகன் தவம்போலப் பயிற்சி செய்து படிப்படியாகச் சாகாவரம் நோக்கி ஏறுவான், பறக்கும் வாள், மாத்திரைகள், அசுர மிருகங்கள், பல உலகங்கள் எல்லாம் உண்டு. ஆயிரம் அத்தியாயம், இரண்டாயிரம் அத்தியாயம் என்று போகும் இணைய நாவல்கள் பெரும்பாலும் இந்த வகைதான், 2014 கடைசியில் வூஷியாவேர்ல்ட் தளம் வந்ததற்குப் பிறகு ஆங்கிலத்தில் இவை குவிந்துவிட்டன. வேகமாக இழுத்துக்கொண்டு போகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த எழுத்தாளர்கள் எல்லோரும் ஜின் யோங்கைப் படித்து வளர்ந்தவர்கள். மலைமேல் யார் பெரியவன் என்ற போட்டி, காணாமல்போன ரகசிய ஏடு, கோபக்காரக் கிழட்டு குரு, இதெல்லாம் இங்கே எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு அங்கே போனால் அவர்கள் எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்பதும் தெரியும்.

சண்டைகள் நீளமாக இருக்கின்றன. தாண்டிப் படிக்கலாமா?

படிக்கலாம், யாரும் பரீட்சை வைக்கப்போவதில்லை. ஆனால் எதைத் தாண்டுகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் அடியும் தடுப்பும் மாறி மாறி வரும் பத்திகளை வேகமாக ஓட்டலாம். சண்டைக்கு நடுவே ஒருவர் நின்று பேசினால் அதை விடாதீர்கள். இந்த உலகத்தில் ஒருவனுடைய குங்ஃபூ யாரிடமிருந்து வந்தது என்பது அவன் கையைத் தூக்கியதுமே தெரிந்துவிடும், பொய் சொல்லி மறைக்க முடியாது, ஆகவே சண்டை என்பது விசாரணையும்கூட. ஒரு அடியைப் பார்த்து ஒரு கிழவி "இதை உனக்கு யார் கற்றுக்கொடுத்தது?" என்று கேட்டால் கதை அங்கே திரும்பப்போகிறது என்று அர்த்தம்.

பொன்னியின் செல்வன் மாதிரி இருக்குமா?

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. ஒற்றுமை இருக்கிறது: அதுவும் 1950-இலிருந்து 1954 வரை வாரா வாரம் வந்த தொடர், நிஜ அரசர்களுக்கு நடுவே கற்பனை ஆட்கள், சதி, மாறுவேடம், அத்தியாயக் கடைசியில் ஒரு கொக்கி. அந்தக் கொக்கிக்குப் பழகிய வாசகருக்கு ஜின் யோங்கின் நடையில் பழகப் புதிதாக எதுவும் தேவைப்படாது.

வித்தியாசம் எங்கே என்றால், கல்கியின் கதை அரண்மனையைச் சுற்றி நடக்கிறது, ஜின் யோங்கின் மையம் ஜியாங்ஹு. அரசாங்கத்துக்கு வெளியே, தங்களுக்கென்று சட்டமும் மானமும் வைத்துக்கொண்டு திரியும் வீரர்கள், துறவிகள், பிச்சைக்காரர்கள், கொள்ளைக்காரர்களின் உலகம் அது. அங்கே நாட்டின் மிகப் பெரிய அமைப்பு பிச்சைக்காரர் சங்கம். அரசன் ஓடிவிட்ட நாட்டில் யார் யாருக்காகச் சண்டை போடுவது என்பதுதான் குவோ ஜிங்கின் கேள்வி, அதுவும் அவனை வளர்த்த மங்கோலியர்களே ஒருநாள் தெற்கே படையெடுக்கப் போகிறார்கள் என்னும்போது. கடைசி அத்தியாயத்தில் அவனும் செங்கிஸ் கானும் குதிரை மேல் போய்க்கொண்டே வீரன் என்றால் யார் என்று பேசிக்கொள்கிறார்கள். இதற்கு மேல் சொன்னால் கெட்டுப்போகும்.

பெண்கள் எப்படி வருகிறார்கள்?

ஹுவாங் ரோங் வந்த பிறகுதான் புத்தகத்துக்கே உயிர் வருகிறது. கிழிசல் உடுத்திய பிச்சைக்காரப் பையனாக வேஷம் போட்டு, ஒரு விடுதியில் குவோ ஜிங்கின் செலவில் ஊரில் உள்ள உயர்ந்த பலகாரத்தையெல்லாம் வரவழைத்துத் தின்றுவிட்டுப் போகிறாள், அவன் முகம் சுளிக்காமல் தன் மேலங்கியையும் குதிரையையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறான். காதல் அங்கே தொடங்குகிறது. கணக்கு, கவிதை, சமையல், பொய் எல்லாவற்றிலும் அவள்தான் முதல். மெய் சாவ்ஃபெங் இன்னொரு பெரிய பாத்திரம், வில்லியாக வந்து இரக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு போகிறவள்.

அதே சமயம் இது 1950-களில் ஓர் ஆண் எழுதியது. கற்பு, கல்யாண வாக்கு, அப்பா சொன்ன மாப்பிள்ளை என்று சில பக்கங்கள் இன்றைக்குப் பல்லில் கல்லாக மாட்டும். மு நியான்ஸி என்ற பெண்ணின் கதை வரும்போது எனக்குப் புத்தகத்தை வீசலாமா என்று இருந்தது. வீசவில்லை.

நடுவில் சமையல் குறிப்பு மாதிரி வருகிறதே, அது எதற்கு?

அதைத் தாண்டினால் நம் சிநேகம் கெட்டுவிடும்! ஹோங் சீகோங் பிச்சைக்காரர் சங்கத் தலைவர், நாட்டின் ஐந்து பெரும் வீரர்களில் ஒருவர், சாப்பாட்டுக்காகக் கடமையைத் தவறவிட்ட கோபத்தில் தன் விரலையே வெட்டிக்கொண்டவர். அவரை மடக்கித் தன் காதலனுக்குப் பாடம் வாங்கித்தர ஹுவாங் ரோங் சமைக்கிறாள். முதலில் களிமண் பூசி நெருப்பில் சுட்ட கோழி. அப்புறம் நாளுக்கொரு பண்டம், ஒன்றை ஒன்று மிஞ்சுகிறது. ஒரு நாள் உப்பிட்ட பன்றித்தொடையில் 24 துளை போட்டு, துளைக்குள் டோஃபு உருண்டைகளை வைத்து ஆவியில் வேகவைத்து, கறியைத் தூக்கிப் போட்டுவிட்டு டோஃபுவை மட்டும் பரிமாறுகிறாள். ஒரு தாங் காலத்துக் கவிதை வரிதான் அந்தப் பண்டத்தின் பெயர். கிழவர் சாப்பிடச் சாப்பிட ஒவ்வொரு அடியாகக் கற்றுக்கொடுத்துக்கொண்டே போகிறார், இவரும் ஏமாறத் தயாராகத்தான் இருக்கிறார் என்பது நமக்குத் தெரியும். ஆயிரம் பக்கச் சண்டையில் கிடைக்காத நெருக்கம் அந்த மூவருக்கும் இந்தச் சாப்பாட்டில் கிடைக்கிறது.

இந்தியத் தொடர்பு ஏதாவது?

உண்டு, நேரடியாகவே. எல்லோரும் உயிரைக் கொடுத்துத் தேடும் நைன் யின் ஏட்டின் ஒரு பகுதி சம்ஸ்கிருதம், சீன எழுத்தில் ஒலிபெயர்த்து எழுதியது. குவோ ஜிங் ஒரு சொல்லும் புரியாமல் அதை அப்படியே மனப்பாடம் செய்துவைத்திருக்கிறான், பிற்பாடு ஒரு பௌத்தத் துறவிதான் பொருள் சொல்கிறார். இந்த வரிசையின் மூன்றாம் கதையான 'ஹெவன் ஸ்வோர்ட் அண்ட் டிராகன் சேபர்'-இல் இன்னொரு ஏடு, இலங்காவதார சூத்திரத்தின் வரிகளுக்கு நடுவே எழுதி ஒளித்துவைக்கப்பட்டிருக்கும். பெயரைப் பார்த்தாலே தெரியும், புத்தர் இலங்கைக்கு வந்து போதித்ததாகச் சொல்லும் நூல் அது. தென்னிந்திய இளவரசர் என்று மரபு சொல்லும் போதிதர்மருக்கும் இந்தச் சூத்திரத்துக்கும் உள்ள உறவு சீன ஜென் பௌத்தத்தில் பிரபலம். ஆனால் போதிதர்மர்தான் சீனாவுக்கு குங்ஃபூ கற்றுக்கொடுத்தார் என்று யாராவது இந்த நாவலைச் சான்றாகக் காட்டினால் நம்பாதீர்கள். அது பின்னால் எழுந்த கதை, வரலாற்று அறிஞர்கள் ஏற்பதில்லை.

அதே நைன் யின் ஏடு எப்படி உருவானது என்று ஜோ போதோங் சொல்லும் கதையும் அருமை. ஹுவாங் ஷாங் என்ற அதிகாரி, பேரரசர் தாவோ நூல்களையெல்லாம் தொகுத்து அச்சிடச் சொல்ல, பிழை வந்துவிட்டால் தலை போகும் என்று பயந்து வரி வரியாகப் படித்து, படித்துப் படித்தே பெரும் வீரனாகிவிடுகிறான். இந்த ஹுவாங் ஷாங் நிஜமாகவே தாவோ நூல் தொகுதியை அச்சிட்ட சோங் அதிகாரி. பிழை திருத்தியே குங்ஃபூ கற்றவன் என்ற கற்பனை ஒரு பத்திரிகைக்காரனுக்குத்தான் வரும்.

மொழிபெயர்ப்பு எப்படி? இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதைப் படித்தால் போதாதா?

மெக்லிஹோஸ் பதிப்பு சரளமாக ஓடும், சண்டைக் காட்சிகளில் யார் எங்கே நிற்கிறார் என்பது தெளிவாக இருக்கும். மூவர் கை பட்டும் தையல் தெரியவில்லை, அது சாதாரண வேலை இல்லை. குறை என்றால் கவிதைகள். ஹுவாங் ரோங் பேச்சுக்குப் பேச்சு பழைய பாட்டை எடுத்துவிடுவாள், ஆங்கிலத்தில் அதன் கேலி கொஞ்சம் மங்கிவிடுகிறது.

ஆங்கிலப் பதிப்பு வருவதற்கு வெகுகாலம் முன்பே ரசிகர்கள் தாங்களே உட்கார்ந்து மொழிபெயர்த்து வந்திருக்கிறார்கள். அந்த உழைப்பு பெரிது, அவர்கள் இல்லையென்றால் சீனம் தெரியாத பலருக்கு இந்தப் பெயரே தெரிந்திருக்காது. தரம் மட்டும் அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறும், ஏனென்றால் ஆள் மாறுவார். இயந்திர மொழிபெயர்ப்பைத் திருத்தாமல் போட்டிருப்பதைத் தொடாதீர்கள், அவன் அவளாவான், குரு சீடனாவார், அடித்தவர் யார் விழுந்தவர் யார் என்றே தெரியாது.

விலை கையைக் கடித்தால் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், மின்புத்தகமாகவும் இருக்கிறது.

ஒரே கதை இடத்துக்கு இடம் மாறுகிறதே?

ஏனென்றால் மூன்று வடிவம் இருக்கிறது. பத்திரிகையில் வந்தது ஒன்று, 1970-களில் உட்கார்ந்து திருத்தியது இரண்டு, 1999-க்குப் பிறகு வயதான காலத்தில் மறுபடி கை வைத்தது மூன்று. பத்திரிகை வடிவத்தில் சின் நான்சின் என்று பாம்பு பிடிக்கும் பெண் ஒருத்தி இருந்தாள், திருத்தியபோது அவளை எடுத்துவிட்டு அவள் கதையை மு நியான்ஸிக்குக் கொடுத்துவிட்டார். கடைசித் திருத்தத்தில் ஹுவாங் யாவ்ஷிக்குத் தன் சீடப்பெண் மெய் சாவ்ஃபெங் மேல் ஒரு மறைமுக ஈர்ப்பு இருந்ததாகச் சேர்த்தார், பழைய வாசகர்களுக்கு இன்று வரை கோபம். எனக்கும் அந்தச் சேர்க்கை பிடிக்கவில்லை, குரு-சீடன் கண்டிப்பில் இருந்த பயங்கரமே போதுமானது. நண்பரோடு வாதம் செய்வதற்கு முன் இருவரும் ஒரே வடிவத்தைத்தான் படித்தீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டிவி தொடரைப் பார்த்துவிட்டுப் படிக்கலாமா?

தாராளமாக. 1983-இல் ஹாங்காங்கின் டிவிபி தொலைக்காட்சி எடுத்தது, பாரபரா யுங் நடித்தது, இன்றும் பலருக்கு அவர்தான் ஹுவாங் ரோங். 2003, 2017 வருஷங்களிலும் சீனாவில் எடுத்தார்கள். 2025-இல் ட்சுய் ஹார்க் எடுத்த திரைப்படத்தை மட்டும் முதலில் பார்க்காதீர்கள், அது கதையின் கடைசிப் பகுதியை எடுத்துக்கொண்டது, முன்கதை தெரியாமல் போனால் தலையும் வாலும் புரியாது.

எப்படிப் படித்தால் முடிக்க முடியும்?

தினம் கொஞ்சம். இதை ஒரே மூச்சில் இரண்டு நாளில் முடிக்கப் பார்க்கிறவர்கள்தான் நடுவில் விடுகிறார்கள், ஏனென்றால் ஒரே மாதிரித் தற்செயல்கள் அடுத்தடுத்து வரும்போது அலுத்துவிடும்: மறுபடியும் ஒரு விடுதி, மறுபடியும் சுவருக்குப் பின்னால் ஒட்டுக்கேட்பு, மறுபடியும் தேவையான ஆள் தேவையான நேரத்தில். நாளைக்கு ஒரு துண்டு என்று எழுதியதை நாளைக்கு ஒரு துண்டு என்றே படித்தால் இதே தற்செயல்கள் சுகமாக இருக்கும். பேருந்தில், சாப்பாட்டு இடைவேளையில், தூங்கும் முன் பத்துப் பக்கம். மறந்துபோன ஆளைத் தேடிப் பின்னால் புரட்டாதீர்கள், முக்கியமான ஆளாக இருந்தால் அவரே திரும்பி வந்து தன் பட்டப்பெயரை உரக்கச் சொல்வார்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

பதின்மூன்று, பதினான்கு வயதுக்கு மேல் சரி. மண்டை ஓட்டில் விரலைச் செலுத்திப் பயிற்சி செய்யும் தம்பதி முதல் புத்தகத்திலேயே வருகிறார்கள், சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

நான்கையும் முடித்தாயிற்று. அடுத்தது?

இதன் தொடர்ச்சி 'ரிட்டர்ன் ஆஃப் த காண்டோர் ஹீரோஸ்', அதன் முதல் பாகம் 'எ பாஸ்ட் அனெர்த்ட்' ஜிஜி சாங் மொழிபெயர்ப்பில் 2023-இல் வந்தது. அது வேறு மாதிரி: நாயகன் புத்திசாலி, கோபக்காரன், காதல் கதைதான் முன்னால் நிற்கும், நமக்குப் பிடித்த சிலர் வயதாகி எரிச்சலூட்டும் பெரியவர்களாக வருவார்கள். சிரிக்க வேண்டுமென்றால் ஜான் மின்ஃபோர்ட் மொழிபெயர்த்த 'த டீர் அண்ட் த கால்ட்ரன்', மூன்று பாகம், ஆக்ஸ்ஃபோர்ட் வெளியீடு. குங்ஃபூவே சரியாக வராத ஒரு போக்கிரிப் பையன்தான் அதில் நாயகன். ஜின் யோங்கின் கடைசி நாவல் அது, அதனால் அதை முதலில் எடுக்காதீர்கள், இங்கே கட்டியதையெல்லாம் அங்கே அவரே கேலி செய்கிறார், கட்டியதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கேலி புரியும்.